வத்தல் நெடியும் ஒரு துண்டுச்சீட்டும்

கீழமாசி வீதியில் காலை ஒன்பது மணிக்கே நடக்க இடமில்லை. லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகள், "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே வரும் தள்ளுவண்டிகள், மல்லியும் சீரகமும் பெருங்காயமும் கலந்த வாசம். அந்த வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது நான் தேடிப்போன வத்தல் மண்டி. யாரிடமும் வழி கேட்கவில்லை. நெடியே இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்தியது. ஐந்தாவது நிமிடம் தும்மல் பிடித்துக்கொண்டது. பத்தாவது நிமிடம் கண்ணில் தண்ணீர். உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். "புதுசா வர்றவுகளுக்கு அப்படித்தான் தம்பி இருக்கும். மூக்குல ஈரத்துண்டைக் கட்டிக்கங்க" என்றார் ஒரு பாட்டி.

பங்குனி மாதம். ராமநாதபுரம் பக்கத்து முண்டு வத்தல் வந்து குவிகிற பருவம். உருண்டையாக, தடித்த தோலோடு, கருஞ்சிவப்பில் பளபளக்கிறது. இன்னொரு மூலையில் நீளமும் காரமும் கூடிய விருதுநகர் சம்பா வத்தல். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் காம்பு கிள்ளுகிற வேலை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒரு திருகு, காம்பு ஒரு பக்கம், வத்தல் ஒரு பக்கம். கிலோ கணக்கில் கூலி.

நான் பார்க்க வந்தவர் கடைசி வரிசையில் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, செல்லூரில் வாழ்க்கைப்பட்டவர். என் சித்தி வீட்டுக்கு எதிர்வீடு. எனக்கு அக்கா முறை. மற்றவர்கள் வெறுங்கையோடு கிள்ள, இவர் மட்டும் இரண்டு கையிலும் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தார். துணியை அவிழ்த்துக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து தடித்த திட்டுகள், மேலே வெள்ளிப் பொடி தூவியதுபோல் செதில். உள்ளங்கையில் கோடைக் கண்மாயின் தரைபோல வெடிப்புகள்.

"வெடிப்புல வத்தத் தூளு பட்டா உசுரு போயிரும் தம்பி. வேற வேலைக்குப் போகலாம்னா இந்தக் கையைச் சமையக்கட்டுக்குள்ள யாரு விடுவாக? பூக் கட்டிப் பாத்தேன். மொழம் கேட்டு வந்தவுக கையைப் பாத்துட்டு அடுத்த கூடைக்குப் போயிட்டாக. வத்தலு மட்டுந்தான் கையைப் பாக்காது."

எட்டு வருடமாக இருக்கிறது. டாக்டர்கள் சொரியாசிஸ் என்கிறார்கள், சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்கிறார்கள், தெருவில் வெறும் 'படை'. இந்தியாவில் வெவ்வேறு ஆய்வுகள் நூறு பேரில் 0.44 முதல் 2.8 பேர் வரைக்கும் இந்த நோய் இருப்பதாகக் கணக்குச் சொல்கின்றன. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் நம் நாட்டில் அரைக் கோடிப் பேருக்கு மேல். இது தொற்றுநோய் இல்லை. கிருமியால் வருவதில்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புப் படையே தோல்மீது போர் தொடுத்துவிட்டு நிறுத்தத் தெரியாமல் நிற்பதுதான் நோய். இதில் ஒரு கொடுமை உண்டு. தோல் எங்கே கீறுபடுகிறதோ, உரசப்படுகிறதோ, அங்கேயே புதிய திட்டு முளைக்கும். கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்துச் சொன்னார். நாளெல்லாம் காம்பு திருகும் விரல்களுக்கு இதைவிடப் பொருந்தாத நோய் இருக்க முடியாது.

எனக்கு இந்த நோய் புதிதில்லை. என் அப்பாவுக்கு இருந்தது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு மாட்டிக்கொண்டுதான் வெளியே போவார். முடிவெட்டும் கடை ஒன்றில் அவருக்கு நாற்காலி தர மறுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டில் அம்மாதான் வெட்டிவிட்டார். இந்த நோயைப் பற்றி எது அச்சில் வந்தாலும் நான் படித்துவிடுவது அதனால்தான். அப்படிப் படித்த ஓர் ஆய்வுக்கட்டுரைதான் என்னை இந்த வத்தல் மண்டிக்குக் கூட்டிவந்தது. அதில் மரபணு இருந்தது, தோல் இருந்தது, மிளகாயும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

யானைக்கல்லில் பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் ஏறினோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் கையை மூடிக்கொண்டார். பாலத்தின்மேல் பஸ் திரும்பும்போது குலுக்கியதில் கம்பியைப் பிடித்தார், கை வெளியே தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். கோரிப்பாளையம் வரும்வரை அந்த இடம் காலியாகவே வந்தது. பஸ்ஸில் நல்ல கூட்டம். அக்கா கீழே வைகையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை.

அரசு ராஜாஜி மருத்துவமனையை வயதானவர்கள் இன்னும் எர்ஸ்கின் என்றுதான் சொல்கிறார்கள். தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என்று சுற்று வட்டாரத்தின் நோவெல்லாம் இந்த வாசலுக்குத்தான் வருகிறது. சீட்டுப் போட்டு, தோல் பிரிவின் வரிசையில் நின்றோம். கண் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்கள் கட்டோடு நிற்பார்கள், எலும்புப் பிரிவில் மாவுக்கட்டோடு நிற்பார்கள். இங்கே நிற்பவர்கள் துணியால் மூடிக்கொண்டு நிற்கிறார்கள். காலுறை, கைக்குட்டை, தலையில் முக்காடு. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன் காதுக்குப் பின்னால் முடியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே இருந்த மருத்துவர் முதலில் செய்த காரியம், அக்காவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது. கையுறை இல்லை. அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இதுக்கு முன்னாடி என்னம்மா மருந்து எடுத்தீங்க?"

"ஒரு எடத்துல பொடி குடுத்தாக டாக்டரம்மா. தின்ன பத்தே நாள்ல கை பளிங்கு மாதிரி ஆயிருச்சு. மொகம் மட்டும் ஊதுச்சு. நிறுத்துனவுடனே ஒடம்பு பூராம் வந்துருச்சு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "பொடியில ஸ்டீராய்டு கலந்திருப்பாங்கம்மா. சொரியாசிஸுக்கு அதை உள்ளுக்குக் கொடுத்துத் திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் சீறிக்கிட்டு வரும். சில பேருக்குச் சீழ்க்கொப்புளமா வந்து உயிருக்கே ஆபத்தாயிடும்." களிம்பிலும் இதே கதை உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளால் தோல் மெலிந்து, கெட்டுப்போனவர்கள் ஏராளம். 2018-இல் மத்திய அரசு அப்படிப்பட்ட 14 களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆணை தாளில் இருக்கிறது. களிம்பு இன்னும் பெட்டிக்கடைச் சரக்கு மாதிரிக் கேட்டவுடன் கிடைக்கிறது.

அக்காவுக்கு மருத்துவர் எழுதியது மெத்தோட்ரெக்சேட். ரத்தப் பரிசோதனை, ஈரல் பரிசோதனை முடிந்த பிறகு தொடங்க வேண்டும். சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டார். "ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை மட்டும். தினம் சாப்பிட்டா ரத்த அணுவே அழிஞ்சிரும். வீட்டுல யார்கிட்டயாவது சொல்லி வச்சிருங்க" என்று மூன்று முறை சொன்னார். அந்த மூன்று முறையும் எனக்கு மரியாதைக்குரியதாகப் பட்டது.

இந்த மாத்திரையின் பின்னால் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ், மதராஸ் மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்தியதற்காக முழுப் பட்டம் மறுக்கப்பட்டு, அமெரிக்காவுக்குப் போய், லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தையும் அதை எதிர்க்கும் மருந்துகளையும் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1948-இல் காலமானார். அந்த வகை மருந்து சொரியாசிஸையும் அடக்குகிறது என்பதை 1951-இல் அமெரிக்க மருத்துவர் குப்னர் கண்டார், வேறு நோய்க்குக் கொடுத்தபோது தற்செயலாக. முக்கால் நூற்றாண்டு கடந்தும் ஏழை நோயாளிக்கு அதுதான் கதி, அதுதான் துணை.

அதைவிடக் கூர்மையான மருந்துகளும் இருக்கின்றன. ஊசியாகப் போடும் உயிரி மருந்துகள். டி.என்.எஃப்., இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-23 என்று அழற்சியைத் தூண்டும் புரதங்களை ஒவ்வொன்றாகக் குறிவைப்பவை. பெங்களூரின் பயோகான் நிறுவனம் கியூப விஞ்ஞானிகளுடன் சேர்ந்து உருவாக்கிய இடோலிசுமாப் 2013-இல் சொரியாசிஸுக்காகவே இந்தியாவில் வந்தது. ஆனால் விலை ஒரு பக்கம் இருக்கட்டும். மருத்துவர் சொன்ன இன்னொரு காரணம் என்னை யோசிக்க வைத்தது. "டி.என்.எஃப்.பை உடம்பு முழுக்க அடக்கினா, உள்ளே தூங்கிட்டிருக்கிற டி.பி. எழுந்திரிச்சிரும் சார். நம்ம ஊர்ல அது சாதாரண பயமில்ல." உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். ஐரோப்பாவில் ஒரு மருத்துவர் இந்த ஊசியைப் போடும்போது படும் கவலையும் மதுரையில் ஒரு மருத்துவர் படும் கவலையும் ஒன்றாக இருக்க முடியாது. நோய் தோலில் இருக்கிறது என்றால், மருந்தும் தோலோடு நின்றுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

அந்தக் கேள்வியோடுதான் மத்தியானம் நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அக்கா பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நாகமலையைத் தாண்டிப் பல்கலை நகரில் 1966-இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1980-களில் மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் உதவியோடு எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி தொடங்கிய முதல் சில பல்கலைக்கழகங்களில் இதுவும் ஒன்று. அங்கே படித்து, இப்போது ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் தூரத்து உறவுத் தம்பி ஒருவன் இருக்கிறான். வேப்பமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்தோம். நான் மண்டியிலிருந்து வருகிறேன் என்றதும் அவன் மண்டியை வைத்தே பாடத்தைத் தொடங்கினான்.

"பேரேடு எங்கண்ணே இருக்கும்?"

"முதலாளி மேசையில."

"அதை யாரும் வெளியே எடுத்துட்டுப் போவாங்களா?"

"மாட்டாங்க. துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுப்பாங்க. அதைப் பாத்துத்தான் குடோன்ல சரக்கு போடுவாங்க."

"அம்புட்டுத்தாண்ணே."

செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. பேரேடு. அது இடத்தை விட்டு நகராது. தேவையான பக்கத்தை மட்டும் படியெடுத்து எம்.ஆர்.என்.ஏ. என்ற துண்டுச்சீட்டு வெளியே வரும். அதைப் படித்து செல்லின் குடோனில் புரதம் என்ற சரக்கு தயாராகும். சொரியாசிஸ் திட்டில் டி.என்.எஃப்.புக்கான சீட்டு கணக்கில்லாமல் எழுதப்படுகிறது. ஊசி மருந்துகள் சரக்கு தெருவுக்கு வந்த பிறகு மடக்கிப் பிடிப்பவை, அதுவும் ஊரெல்லாம் ஓடிப் பிடிப்பவை. சீட்டையே கிழித்துவிட்டால் சரக்கு இறங்காது. கிழிக்கும் கருவியின் பெயர் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. சுமார் 21 எழுத்து நீளமுள்ள, இரட்டை இழை ஆர்.என்.ஏ. துணுக்கு. எந்தச் சீட்டின் எழுத்தோடு அது பொருந்துகிறதோ அந்தச் சீட்டை மட்டும் செல்லின் சொந்தக் கத்தரிக்கோலே வெட்டிப்போடும். இரட்டை இழை ஆர்.என்.ஏ. இப்படிச் சீட்டை ஒழிக்கும் என்று ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெலோவும் 1998-இல் ஒரு புழுவில் காட்டினார்கள், 2006-இல் நோபல் பெற்றார்கள். பேரேட்டில் கை வைக்காத மருத்துவம் இது. சீட்டு மறுபடி எழுதப்படும், மறுபடி கிழிக்க வேண்டும். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. தவறு நேர்ந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல்.

இந்த வகையில் முதல் மருந்து 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அரிய நரம்பு நோய் ஒன்றுக்கு, ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது. ரத்தத்தில் விட்டால் ஈரலுக்குப் போய்விடும், ஈரலில் வேலை செய்யும். தோலுக்கு மேலிருந்து பூசி உள்ளே அனுப்புவதுதான் மலையைக் குடைகிற வேலை.

"வெளித்தோல்ல மேலாப்புல இருக்கிற செத்த அடுக்கு இருக்கே, அது பத்திருபது மைக்ரான் கனந்தான். ஆனா மீனாட்சியம்மன் கோயில் மதில் மாதிரி." செத்த செல்கள் கல், அவற்றுக்கிடையே கொழுப்பு காரை. எடை 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு இந்த மதிலைத் தாண்டுவது கடினம் என்று 2000-ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இருவர் ஒரு விதியை வகுத்தார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் குளோபெட்டசால் களிம்பின் மூலக்கூறு 467. நுழைந்துவிடும். எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வோ 13,000-க்கு மேல். ஊசி ஓட்டைக்குள் தேரை விடுவது மாதிரி. அதோடு அதற்கு எதிர்மின்னூட்டம் வேறு, கொழுப்போடு ஒட்டாது. தோல்மேலேயே ஆர்.என்.ஏ.வைத் தின்றுவிடும் நொதிகள் காத்திருக்கின்றன. சொரியாசிஸ் தோலிலோ மதில் விசித்திரமாக இருக்கிறது. அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆக வேண்டியது, சில நாட்களில் வந்துவிடுகிறது. வேகாத செங்கல்லை அவசரமாக அடுக்கிய சுவர், தடித்தும் இருக்கும், வெடித்தும் இருக்கும்.

இப்போது அந்த ஆய்வுக்கட்டுரைக்கு வருகிறேன். 2013-இல் 'ஜர்னல் ஆஃப் கன்ட்ரோல்டு ரிலீஸ்' இதழில் வந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மன்தீப் சிங், ஸ்ருஜன் மரேபள்ளி, ஐதராபாத் ஐ.ஐ.சி.டி.யின் அரவிந்த சௌதுரி ஆகியோர் இருந்த குழு. நேர்மின்னூட்டம் கொண்ட கொழுப்பும் பாலிமரும் கலந்து 163 நானோமீட்டர் அளவில் நுண்ணுருண்டைகளைச் செய்தார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே அதுபோல் சில நூறு உருண்டைகளை வரிசையாக வைத்துவிடலாம். அந்த உருண்டைக்குள் இரண்டு சரக்கு. ஒன்று, டி.என்.எஃப். சீட்டைக் கிழிக்கும் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. மற்றொன்று காப்சைசின். மிளகாயின் உறைப்பு.

இந்த வரியைப் படித்த இரவில்தான் எனக்கு எதிர்வீட்டு அக்காவின் நினைவு வந்தது. எது அவர் கையை எரிக்கிறதோ, அதையே மருந்தின் பாதியாக வைத்திருக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. காரம் என்பது நாக்குச் சுவை இல்லை, சூட்டை உணரும் நரம்பு முனையின் கதவைக் காப்சைசின் தட்டுவதுதான். அந்தக் கதவை 1997-இல் டேவிட் ஜூலியஸ் கண்டுபிடித்தார், 2021-இல் நோபல் வந்தது. தொடர்ந்து தட்டினால் நரம்பு முனை தன்னிடமுள்ள 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேதிப்பொருளைத் தீர்த்துவிட்டு ஓய்ந்துபோகிறது. நமைச்சலையும் அழற்சியையும் வளர்ப்பதில் அந்தப் பொருளுக்கும் பங்கு உண்டு. காப்சைசின் களிம்பைச் சொரியாசிஸ் நோயாளிகளுக்கு 1980-களிலேயே பூசிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: அளந்து சுத்திகரித்த மருந்து வேறு, மிளகாய்த் தூள் வேறு. யாரும் வத்தலை அரைத்துக் கையில் பூசிவிடாதீர்கள். அக்காவின் வெடிப்புகளே அதற்குச் சாட்சி.

முடிவு என்ன? ஆய்வகத்தில் வைத்த தோலில் அந்த உருண்டைகள் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வை 360 மைக்ரான் ஆழம் வரை கொண்டுபோயின. மதிலைத் தாண்டி, அடித்தோல் வரை. இமிக்விமோட் என்ற மருந்தைப் பூசிச் சொரியாசிஸ் போன்ற திட்டை வரவழைத்த விலங்குகளின் தோலில் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-23 எல்லாம் இறங்கின. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது தனித்தனியாகக் கொடுத்ததைவிட நன்றாக இறங்கின. ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் டாக்ரோலிமஸ் களிம்புக்கு ஏறக்குறைய இணையான பலன்.

நானும் தம்பியும் இதைக் குளிர்ந்த மனதோடுதான் எடைபோட்டோம். இருக்கிற களிம்புக்கு இணை என்பது பெரிய வெற்றி இல்லை. எலிவகைத் தோல் மெல்லியது, மயிர்க்கால்கள் நெருக்கமானவை, அந்த ஓட்டைகள் வழியே மருந்து சுலபமாக இறங்கும். சில நாட்களில் வரவழைத்த திட்டும் எட்டு வருடமாக ஊறிய திட்டும் ஒன்றில்லை. அதிலும் உள்ளங்கை! மனித உடம்பிலேயே தடித்த தோல் உள்ளங்கையும் உள்ளங்காலும். அங்கே மயிர்க்காலே கிடையாது. வேறொரு வழியில், தங்கத் துகளைச் சுற்றி முள்போல் நட்ட மரபணு இழைகளை உருவாக்கிய சாட் மிர்கினின் குழுவிலிருந்து பிறந்த நிறுவனம், அந்த முறையைச் சார்ந்த டி.என்.எஃப். ஜெல் ஒன்றை ஜெர்மனியில் சொரியாசிஸ் நோயாளிகள் சிலர்மீது பூசிப் பார்த்தது. தீங்கு நேரவில்லை. மருந்தாக அது கடைக்கு வரவில்லை.

மரபணுவைத் தோல்மேல் பூசும் மருந்து ஒன்று மட்டும் உண்மையிலேயே கடைக்கு வந்திருக்கிறது. கொப்புளம் வெடித்துத் தோல் கழன்றுபோகும் ஒரு பரம்பரை நோய்க்கு, கிருஷ் கிருஷ்ணன், சுமா கிருஷ்ணன் இணையர் தொடங்கிய கிறிஸ்டல் பயோடெக் நிறுவனத்தின் வைஜுவெக் ஜெல். 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது. குறைப்பட்ட கொல்லாஜன் மரபணுவின் நல்ல பிரதியைத் தீங்கற்றதாக்கிய வைரஸில் ஏற்றி, வாரம் ஒருமுறை புண்மேல் சொட்டுச் சொட்டாக வைக்கிறார்கள். 31 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாத முடிவில் மருந்து வைத்த புண்களில் 67 சதவீதம் முழுதாக ஆறியிருந்தன, மருந்தில்லா ஜெல் வைத்தவற்றில் 22 சதவீதம். ஆண்டுச் செலவு ஆறு லட்சம் டாலருக்கு மேல். ஆனால் இதைக் காட்டிச் சொரியாசிஸுக்கும் நாளைக்கே வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த நோயாளிகளுக்கு மதிலே இடிந்து கிடக்கிறது, திறந்த புண், மருந்து நேரே உள்ளே போகிறது. அக்காவுக்கு மதில் நிற்கிறது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு முன்கதை உண்டு. 2021 ஆகஸ்டில் அகமதாபாத் ஸைடஸ் நிறுவனத்தின் கொரோனா தடுப்பு மருந்து ஸைகோவ்-டி அவசர அனுமதி பெற்றது. மனிதருக்கான உலகின் முதல் டி.என்.ஏ. தடுப்பு மருந்து. ஊசி கிடையாது. சுருள்வில் விசையால் மெல்லிய நீர்க்கோடாகத் தோலுக்குள் பாய்ச்சும் கருவி. அதை முதலில் வழங்கத் தேர்ந்தெடுத்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தோல் வழியாக மரபணுப் பொருள் என்பது நமக்கு ஏதோ அயல்நாட்டுக் கனவு இல்லை என்று சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்னும் நெருக்கமான செய்தி: அந்த 2013 கட்டுரையின் ஸ்ருஜன் மரேபள்ளி பிறகு வேலூர் வந்தார். பாகாயத்தில் சி.எம்.சி. வளாகத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தில், மரபணு மருந்தைச் சுமக்கும் கொழுப்பு நுண்ணுருண்டைகளை உருவாக்கும் பணி. அதே மையத்தோடு சேர்ந்துதான் அலோக் ஸ்ரீவத்சவா குழு ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை செய்து, ஐவருக்கும் ரத்தக் கசிவு நின்றதை 2024 டிசம்பரில் உலகுக்கு அறிவித்தது. மதுரையிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இந்த அறிவு இருக்கிறது.

சாயங்காலம் செல்லூருக்குத் திரும்பினேன். மொட்டைமாடியில் அக்கா ஒரு கண்ணாடிப் பாட்டிலை வெயிலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெயில் கிள்ளிப்போட்ட வெட்பாலை இலை. சில நாள் வெயிலில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டாராம், மாத்திரையோடு இதையும் பூசலாம், தோல் காயாமல் இருப்பது நல்லது என்றாராம். மதிலின் காரை உதிராமல் எண்ணெய் பூசுவது என்று நான் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன்.

மிளகாயை வைத்து மருந்து செய்யப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். அக்கா முதலில் நம்பவில்லை. பிறகு வெகுநேரம் சிரித்தார். "அப்ப நாங்க மண்டியில தெனமும் வைத்தியமா பாத்துக்கிருந்தோம்?" அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மேல பூசுறதா தம்பி? உள்ளுக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?"

அவ்வளவு படிப்புக்குப் பிறகும் நான் கேட்ட கேள்வியும் அதுதான். ஈரலையும் நுரையீரலையும் தொடாமல், நோய் இருக்கும் இடத்தில் மட்டும் நிற்கும் மருந்து. மெத்தோட்ரெக்சேட்டுக்காக மாதாமாதம் ரத்தம் கொடுத்து, கூலியை இழந்து வரிசையில் நிற்கும் பெண்ணுக்கும், டி.பி.க்குப் பயந்து ஊசியைத் தள்ளிப்போடும் மருத்துவருக்கும் இதன் தேவை மற்ற நாடுகளைவிட அதிகம். வேலூரிலும் ஐதராபாத்திலும் இதில் உழைப்பவர்களிடமும், அவர்களுக்குப் பணம் ஒதுக்கும் அரசிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தக் களிம்பு மனிதச் சோதனைக்கு வரும் நாளில் மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களின் அரசுத் தோல் பிரிவுகளும் அதில் இருக்கட்டும். நாற்பது டிகிரி வெயிலில் குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அது கெடாமல் நிற்குமா என்று பார்க்கட்டும். வேலை செய்து காய்த்த உள்ளங்கையில் இறங்குமா என்று பார்க்கட்டும்.

அக்கா தினசரிக் காலண்டரை எடுத்துவந்தார். மாத்திரை வந்துவிட்டால் தப்பாகப் போட்டுவிடக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமைகளின் தாளிலெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். பங்குனி முடிந்து ஆனி வரை போட்டேன்.

சொரியாசிஸுக்கு மரபணுக் களிம்பு என்று எதுவும் இன்று இந்தியாவில் எந்த மருந்துக்கடையிலும் கிடையாது. 'டி.என்.ஏ. க்ரீம்' என்று யாராவது கைபேசியில் விளம்பரம் அனுப்பினால் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் பஸ் ஏறி, பக்கத்து அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காலையிலேயே சீட்டுப் போடுங்கள். பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கையோடு யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்து போகாதீர்கள். அது ஒட்டாது.